நீர்க்காரி பிறந்த கதை

திருச்சுழி
3.6.1974

சௌடேஸ்வரிக்கு, மும்தாஜ் பேகம் எழுதுகிறேன்.

நீ சுகமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க நினைத்தேன். மனசு வரவில்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய். சந்தைக்குச் சந்தை உன் சரக்கு விற்கிறதாமே.

நேற்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் கடையைச் சாத்தாமலே வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தாள் சுருட்டி இருந்தது. பரமபதத் தாள் மாதிரி பெரிசு. பள்ளிவாசலில் அதை விரித்துக் காட்டி, "சுல்தான் பாய், இது உங்க வீட்டுல உள்ளவுக பேருதானே?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் அதைப் பாயில் விரித்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

பார்த்தேன். ஒன்றுக்குக் கீழே ஒன்றாக ஏழு கண்மாய். நம்முடைய ஏழாங்கரை. உங்கள் வீட்டுத் தறிக்குழி ஓரம் உட்கார்ந்து நீயும் நானும் கரிக்கட்டியால் வரைந்த நாடு, இப்போது நாலு வண்ணத்தில் இருக்கிறது. மேல் கண்மாய்த் தண்ணீரை ஏழாவது கரைக்குக் கொண்டுபோக வேண்டும், வழி அடைத்துக்கொண்டால் யாரையாவது வரவழைக்க வேண்டும். எல்லாம் அப்படியே இருக்கிறது. தலைப்பு மட்டும் 'தெய்வங்களை வரவழைக்கும் புதுமை விளையாட்டு'. அடியில் கொட்டை எழுத்தில், 'இத்தெய்வங்களைப் படைத்தவர்கள்: அருப்புக்கோட்டை சௌடேஸ்வரி, திருச்சுழி மும்தாஜ் பேகம்'.

படைத்தவர்கள். அந்தச் சொல்லை நாங்கள் யாருக்குச் சொல்வோம் என்று உனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் எங்கள் வீட்டில் நோன்புக் கஞ்சி குடித்தவள்தானே நீ? 'தெய்வங்களைப் படைத்தவள் மும்தாஜ் பேகம்' என்று ஊர் பேரோடு அச்சடித்து விற்கிறாயே, என்னைப் பிடிக்காத ஒருத்திகூட இவ்வளவு யோசித்துச் செய்திருக்க மாட்டாள்.

காலையில் என் வீட்டு முன்கட்டில் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறேன் என்று போன வருஷம் எழுதியிருந்தேன். வாழ வந்த ஊரில் எனக்கென்று இருக்கிறது அது ஒன்றுதான். சுல்தான் பெண்சாதி என்று சொன்னவர்கள் எல்லாம் அக்கா முறை வைத்து லாத்தா என்று கூப்பிட ஆரம்பித்தது அதனால்தான். இன்று காலை வந்த பிள்ளைகளுக்குப் பாதிப் பாயே போதுமானதாக இருந்தது.

என் பெயரை எடு. இன்னொன்றும் கேட்கிறேன். நீர்க்காரியை என்ன செய்து வைத்திருக்கிறாய்? எட்டுக் கையாம். சிவன் சடையிலிருந்து விழுந்தவளாம். நான் சொன்ன பிறப்பா அது?

மும்தாஜ்


அருப்புக்கோட்டை
9.6.1974

மும்தாஜ்,

உன் கடிதத்தைத் தறியில் உட்கார்ந்தபடியே படித்தேன். அப்புறம் அன்றைக்குப் பூராவும் நெய்யவில்லை.

நீ எழுதிய மாதிரி நான் ஒன்றும் உட்கார்ந்து சதி செய்யவில்லை. என் வீட்டுக்காரர் அப்பய்யா சிவகாசியில் காலண்டர் அடிக்கும் அச்சாபீஸில் வேலைக்குப் போகிறார் அல்லவா, அந்த முதலாளி ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என் பிள்ளைகள் தரையில் ஏழாங்கரை ஆடிக்கொண்டிருந்தார்கள். நின்று பார்த்துவிட்டு, இதைத் தாளில் அடிக்கலாமா என்றார். நூல் கிடைக்காமல் தறி சும்மா கிடந்த நேரம். சரி என்றேன். உன்னைக் கேட்கவில்லை, அது வாஸ்தவம். அச்சாகி வந்ததும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு திருச்சுழிக்கு வந்து உன் முன்னால் விரிக்க வேண்டும், நீ உன் பெயரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும் என்றெல்லாம் ஆசையாக இருந்தேன். எனக்கு முந்தி சந்தைக்காரன் வந்துவிட்டான்.

முதலாளி ஒரு பெயர் போதும் என்றுதான் சொன்னார். ஒற்றைக்காலில் நின்று உன் பெயரைப் போட வைத்தவள் நான். தறிக்குழிக்குள் இருக்கும் குழியான் என்னுடையவன். கரிசல் வெடிப்பில் இருந்து வரும் வாய்பிளந்தாளும் என்னுடையவள். நீர்க்காரி உன்னுடையவள். கூப்பிட்டால் வருவார்கள் என்பது என் யோசனை. பிறந்த கதையைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட்டால்தான் வருவார்கள், தப்பினால் ஆட்டம் போச்சு என்பது நீ போட்ட சட்டம். அந்தச் சட்டம் இல்லாவிட்டால் ஏழாங்கரை வெறும் தாயம். உன் பெயரை எடுத்தால் நான் திருடியாகிவிடுவேன். எடுக்க மாட்டேன்.

'படைத்தவர்கள்' அச்சாபீஸ்காரர் போட்டது. அது உங்களுக்கு ஆகாது என்று எனக்குத் தோன்றாமல் போனது என் மடத்தனம்தான், அதற்கு என்னைத் திட்டிக்கொள். நீர்க்காரி சமாச்சாரமும் அப்படித்தான். நீ சொன்ன கதையைத்தான் சொன்னேன். "தண்ணி வண்டிக்காரிய சாமின்னு போட்டா எவம்மா வாங்குவான்?" என்று சிரித்தார். அப்படியே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாலு பேர் பேசினால் பேசிவிட்டுப் போகிறார்கள். பிள்ளைகள் எங்கே போய்விடும், தானாக வரும். முக்கால் மணி நேர பஸ் தூரத்தில் இருந்துகொண்டு என்னமோ அயல்தேசத்தில் இருந்து எழுதுகிற மாதிரி எழுதுகிறாய்.

சௌடேஸ்வரி


திருச்சுழி
14.6.1974

சௌடேஸ்வரி,

பிள்ளைகள் தானாக வரவில்லை. வந்துகொண்டிருந்ததும் நின்றுவிட்டது. நேற்று நானும் என் மகளும்தான் பாயில் உட்கார்ந்திருந்தோம். "உம்மா, நானும் எந்திரிச்சுப் போகவா?" என்று கேட்கிறாள்.

நாலு பேர் பேசினால் என்ன என்று சுலபமாக எழுதிவிட்டாய். அந்த நாலு பேர் தெருவில்தான் நான் இருக்கிறேன்.

தண்ணி வண்டிக்காரி என்று சிரித்தாராக்கும் உன் முதலாளி. நீயும் கூட நின்றாயாக்கும். உனக்கு மறந்திருந்தால் நான் சொல்கிறேன். பஞ்ச வருஷம், நமக்கு ஒன்பது பத்து வயது. முத்துத்தாய் பரளச்சிப் பக்கமிருந்து பீப்பாய் வண்டியில் தண்ணீர் கொண்டுவருவாள். உங்கள் தெருவில் எல்லா வீட்டுக் குடமும் அவள் ஊற்றித்தான் நிறையும். அவளுக்குத் தாகம் எடுத்தால் உங்கள் தெருவில் ஒரு செம்பு கிடையாது. கொஞ்சம் தள்ளி நின்று கையை ஏந்த வேண்டும். எங்கள் அத்தா அப்துல் கனியின் நூல் கடை மட்டும் என்ன, அங்கேயும் அவளுக்குத் தனிக் குவளைதான். அவள் ஒரு நாளும் ஏந்தவில்லை, அந்தக் குவளையையும் தொடவில்லை. ஊருக்கெல்லாம் ஊற்றிவிட்டுக் காய்ந்த உதட்டோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு போவாள். அதைப் பார்த்துவிட்டு வந்துதான் உன் தறிக்குழி ஓரத்தில் நான் சொன்னேன், 'குடிக்காமல் சுமந்தவள்' என்று. அதுதான் நீர்க்காரியின் பிறப்பு. அதைச் சொன்னால்தான் வருவாள் என்று சட்டம் போட்டதும் அதற்காகத்தான். ஆடுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் அதை வாயால் சொல்ல வேண்டும் என்று.

சடையில் இருந்து பிறந்தவளுக்கு யார் செம்பு கொடுக்கவில்லை?

தெய்வம் என்று போட்டதையும் விட மாட்டேன். கூப்பிட்டால் வந்து, வேலை முடிந்ததும் போகிறதற்குப் பெயர் தெய்வமா? எங்களுக்கு இறைவன் வருகிறவனும் இல்லை, போகிறவனும் இல்லை. நான் உண்டாக்கியது ஆட்கள். கூலிக்கு வந்து மடை திறந்துவிட்டுப் போகிற ஆட்கள். நீ 'சாமி கூப்பிடு' என்பாய். நான் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. 'ஆள் கூப்பிடு' என்றுதான் சொல்வேன். ஞாபகம் இல்லையென்றால் உன் அண்ணன் சௌடப்பனைக் கேள்.

அடுத்த அச்சில் 'தெய்வம்' என்பதை எடுத்துவிட்டு 'ஆள்' என்று போடு. முத்துத்தாயின் கதையைப் போடு. அப்புறம் என் பெயர் இருந்தால்கூட நான் ஊருக்குப் பதில் சொல்லிக்கொள்வேன்.

மும்தாஜ்


அருப்புக்கோட்டை
24.6.1974

மும்தாஜ்,

பத்து நாளாக எழுதவில்லை. எழுதினால் என்ன எழுதுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது. இப்போதும் கோபம் தணிந்து எழுதவில்லை.

கூலியாளா?

சௌடப்பனைக் கேட்கச் சொன்னாய். அவன் சட்டையைக் கழற்றிப் பார்த்திருக்கிறாயா? நெஞ்சு பூராவும் தழும்பு. எங்கள் அம்மனை அழைக்கிறபோது எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் கத்தியால் மாரில் கீறிக்கொண்டு "வா தாயே" என்று முன்னால் போவார்கள். ஏதாவது குறை இருந்தால் அவள் வர மாட்டாள். கும்பம் தூக்கினவர் நின்ற இடத்தில் நிற்பார், கால் எடுத்து வைக்க முடியாது. ஊரே வெயிலில் நிற்கும், அழும், குறை என்னவென்று கேட்கும். கூப்பிட்டால் வருவார்கள் என்று நான் சொன்னது அங்கேயிருந்து வந்தது. வரமாட்டேன் என்று அவர்கள் நிற்கலாம் என்பதும் அங்கேயிருந்துதான் வந்தது. உன் சட்டம் உன் சட்டம் என்கிறாயே, அதற்கும் வித்து எங்கள் தெருதான். கூலிக்கு ஆள் பிடிக்கிறவன் மாரைக் கீறிக்கொள்வானா?

வருகிறவனும் இல்லை, போகிறவனும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். உனக்கு அது சரி. எனக்கு, கூப்பிட்ட குரலுக்கு வராத தெய்வத்தோடு என்ன பேச்சு? அந்த அம்மன் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறவள் நான். அவளுக்குப் பக்கத்தில் வைத்து நான் கும்பிட்ட குழியானை, கூலியாள் என்று தாளில் அடிக்கச் சொல்கிறாய்.

முத்துத்தாய்க்காகப் பரிந்துகொண்டு வருகிறாய். நீ சொன்னபடி அவளை மனுஷியாகவே வைத்திருந்தால் அவள் இன்னமும் தள்ளித்தான் நிற்பாள். நான் அவளுக்கு எட்டுக் கை கொடுத்தேன். நகை போட்டேன். சந்தையில் அவள் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்களாம், அப்பய்யா சொன்னார். அவளுக்குச் செம்பு கொடுக்காத அதே ஆட்கள் ஒற்றிக்கொள்கிறார்கள். மரியாதை செய்தது நீயா நானா?

உங்கள் ஆட்கள் உன்னை ஒதுக்கினதுக்கு என் மேல் பாய்கிறாய். முடிந்தால் அவர்களோடு சண்டை போடு.

சௌடேஸ்வரி


திருச்சுழி
3.7.1974

சௌடேஸ்வரி,

நகை போட்டாயாக்கும். அவள் கறுப்பை எடுத்துவிட்டுச் சிவப்பாக்கினாய். பல்லு நீண்ட முகத்தை எடுத்துவிட்டு சினிமாக்காரி முகம் வைத்தாய். முத்துத்தாய் என்கிற பேரையும் எடுத்தாய், ஊரையும் எடுத்தாய். இத்தனையும் எடுத்த பிறகுதானே உள்ளே விட்டாய்? அவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வது வேறு யாரையோ. அவள் வண்டியோடு அதே இடத்தில்தான் நிற்கிறாள்.

சண்டை போடச் சொன்னாய். போன வெள்ளிக்கிழமை ஜமாத்துப் பெரியவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். நீ நினைக்கிற மாதிரி யாரும் கத்தவில்லை. மரியாதையாகத்தான் பேசினார்கள். "நீங்க நல்லா ஓதிக் குடுக்குறீகன்னு எங்களுக்குத் தெரியும்மா. பிள்ளைகளைப் பெத்தவுக பயப்படுறாக. ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க, அதோட விட்டுருவோம்" என்றார்கள். எழுதியே கொண்டுவந்திருந்தார்கள். 'என் பெயரைக் கேளாமல் போட்டார்கள். இந்த விளையாட்டுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.'

முதல் வரி உண்மை. இரண்டாவது பொய். திரைக்கு இந்தப் பக்கம் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் உள்ளே வந்து, "போட்டுரு மும்தாஜ், ஒரு கையெழுத்துதானே" என்று கெஞ்சுகிறார். பொய்யில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காலையில் அந்தப் பிள்ளைகளுக்கு எதை ஓதிக் கொடுப்பேன்? தவணை கேட்டேன். வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி, ஜும்ஆ தொழுதுவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள்.

நான் உண்மையைச் சொல்லப் போகிறேன். உண்டாக்கியது நானும்தான், ஆனால் தெய்வமென்று உண்டாக்கவில்லை, தாகத்தோடு போன ஒரு பொம்பளையை மறக்காமல் இருக்க உண்டாக்கினேன் என்று சொல்வேன். அவர்களுக்கு மனசு இருக்கிறது, கேட்பார்கள். ஆனால் தாளில் தெய்வம் என்று அடித்திருக்கும்போது என் வாய்ச்சொல் மட்டும் நிற்காது. நீ நாலு வரி எழுதிக் கொடு. மும்தாஜ் உண்டாக்கியவர்கள் ஆட்கள், தெய்வமென்று போட்டது என் வேலை என்று எழுதி உன் கையெழுத்துப் போட்டு அனுப்பு. இதைத் தவிர உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

எனக்குப் பிள்ளைகளும் வேண்டும். நான் செய்ததும் என்னுடையதாக இருக்க வேண்டும். இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மும்தாஜ்


அருப்புக்கோட்டை
8.7.1974

மும்தாஜ்,

நாலு வரி எழுத உட்கார்ந்தேன். 'ஆட்கள்' என்கிற இடத்தில் கை ஓடவில்லை. கிழித்துவிட்டு மறுபடியும் எழுதினேன், மறுபடியும் அதே இடம். என்னைத் திட்டாதே. உனக்குப் பொய்யில் கையெழுத்துப் போட வரவில்லை அல்லவா, எனக்கு அது அப்படித்தான். குழியானை ஒரு காலத்திலும் நான் ஆள் என்று நினைத்ததில்லை. இருட்டில் தறிக்குழிக்குள் காலை விடுகிறபோதெல்லாம் அவனைக் கும்பிட்டுவிட்டுத்தான் விடுவேன், இன்றைக்கும்.

முத்துத்தாய் முகத்தைப் பற்றி நீ எழுதினது இரண்டு நாளாகச் சோறு இறங்க விடவில்லை. அதற்காக உன் மேல் இருக்கிற கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. இவ்வளவு கடுமையாக என்னிடம் யாரும் பேசியதில்லை, எங்கள் மாமியார் உட்பட.

உனக்குப் பிள்ளைகள் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதானே? அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ யாரிடமும் எதையும் சொல்லிக்கொண்டு நிற்காதே. பேசாமல் இரு.

சௌடேஸ்வரி


திருச்சுழி
13.7.1974

சௌடேஸ்வரி,

பேசாமல் இரு என்றாய். இருந்துவிட்டேன். நீ ஜெயித்தாய்.

நேற்று ஜமாத்துப் பெரியவர்கள் எல்லோரும் முன்கட்டில் உட்கார்ந்த பிறகு வாசலில் உன் குரல் கேட்டது. நான் திரைக்குப் பின்னால் எழுந்து நின்றுவிட்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாக எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். நீ என்னை வாய் திறக்கவே விடவில்லை.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. பூராம் நான் உண்டாக்குனது. சின்னப் பிள்ளையில ஒண்ணா விளையாண்டோமேன்னு பாசத்துல பேரைச் சேத்துப் போட்டுட்டேன். அடுத்த அச்சுல எடுத்துர்றேன். அவளை மன்னிச்சிருங்க" என்றாய். எவ்வளவு நன்றாகப் பேசினாய்.

அவர்கள் முகம் தெளிந்ததைத் திரை வழியாகவே பார்த்தேன். உனக்குத் தேநீர் கொடுக்கச் சொன்னார்கள். அதில் வயசானவர் ஒருத்தர், நல்ல மனுஷர், தாளைக் கையில் வைத்துக்கொண்டு உன்னைக் கேட்டார்: "பொறந்த கதையச் சொன்னாத்தான் வருவாகன்னு ஒரு சட்டம் போட்டிருக்கியேம்மா, அது நல்லா இருக்கு. அது எப்படித் தோணுச்சு உனக்கு?"

நீ தேநீரைக் கீழே வைத்தாய். வைத்து நிமிர்கிற வரைக்கும் நான் உன்னை நம்பினேன். அப்புறம் சொன்னாய்: "தறியில உக்காந்திருக்கையில தோணுச்சுங்க."

அவர் "மாஷா அல்லாஹ்" என்றார். எனக்கு வர வேண்டிய சொல்லை நீ வாங்கிக்கொண்டு தலை குனிந்து நின்றாய்.

வீட்டுக்காரர் திரையைக் கொஞ்சம் விலக்கி, "சரிதானே மும்தாஜ்?" என்று கேட்டார். அப்போது நான் வெளியே வந்திருக்கலாம். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் உன்னைப் பொய்க்காரியாக்க வேண்டும், அவர்கள் முன்னால் வீட்டுக்காரரைத் தலைகுனிய வைக்க வேண்டும், பாயைக் காலியாகவே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். "ஆமா" என்றேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்று துள்ளினவள் வாயாலேயே போட்டுக் கொடுத்துவிட்டேன். தாளுக்குக்கூட வேலை இல்லாமல் போய்விட்டது.

நீ என்னைக் காப்பாற்ற வந்தாய் என்று ஊர் சொல்கிறது. வீட்டுக்காரரும் சொல்கிறார். "அந்தப் புள்ளைக்கு எவ்வளவு பெரிய மனசு" என்று ராத்திரிச் சோற்றில் அவருக்கு அதே பேச்சு. திருடியாக மாட்டேன் என்று முதல் கடிதத்தில் எழுதியவள் நீ. ஆட்கள் என்று நாலு வரி எழுத உனக்குக் கை வராது, உன் தெய்வத்துக்கு ஆகாது. என்னுடையதை எல்லாம் உன்னுடையது என்று சொல்ல மட்டும் நாக்கு வந்தது. நீ எனக்காக ஒன்றை விட்டுக்கொடுத்திருந்தால் உன் காலைத் தொட்டிருப்பேன். நீ ஒன்றையும் விடவில்லை. நான்தான் விட்டேன், அதற்கு உனக்கு நன்றி வேறு சொல்ல வேண்டும் என்கிறார்கள்.

இன்று காலை பிள்ளைகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். பாய் பற்றாமல் பக்கத்து வீட்டில் வாங்கி விரித்தேன். ஓதி முடிந்ததும் ஒருத்தி கேட்டாள், எல்லோர் வீட்டிலும் அந்தத் தாள் இருக்கிறது போலிருக்கிறது. "லாத்தா, நீர்க்காரி சடையிலிருந்து பொறந்தான்னு சொன்னா எங்க அண்ணன் அது பொய்யிங்கறான். அவ நெசமா எங்க பொறந்தா? உங்க கூட்டாளிகிட்டக் கேட்டுச் சொல்றீகளா?"

அத்தனை பிள்ளைகளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அதற்காகத்தான் இந்தக் கடிதம். நாளைக்கு அவள் மறுபடியும் கேட்பாள். நீர்க்காரி எங்கே பிறந்தாள் என்று எனக்கு எழுதி அனுப்பு.

மும்தாஜ் பேகம்